மனிதர் படிக்கும் கையேடும் இயந்திரம் படிக்கும் கையேடும்

டெபியன் லினக்ஸைப் பாதுகாப்பாக நிறுவி நடத்துவது எப்படி என்று சொல்லும் ‘செக்யூரிங் டெபியன் மேனுவல்’, 2000-இல் அலெக்ஸாண்டர் ரீல்சன் எழுதிய ஒரு செய்முறைக் குறிப்பாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஹாவியர் ஃபெர்னாண்டஸ்-சங்கினோ பேன்யா அதில் சேர்ந்தார். பிறகு நூலின் பொறுப்பே அவரிடம் வந்தது. சிறு குறிப்பாக இருந்தது பல அதிகாரங்களும் நீண்ட பின்னிணைப்புகளும் கொண்ட நூலாக வளர்ந்தது. ஜிபிஎல் உரிமத்தில் வெளிவந்ததால் யாரும் எடுத்துத் திருத்தலாம், மொழிபெயர்க்கலாம். ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பானிய மொழிகளுக்கு அது போனது. ‘ஹார்டன்-டாக்’ என்ற பெயரில் டெபியனுக்குள்ளேயே ஒரு பொதியாகவும் சேர்ந்தது.

இதேபோன்ற இன்னொரு வழிகாட்டி ‘ஸ்கேப் செக்யூரிட்டி கைடு’. ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸ் ஐந்தாம் பதிப்பை எப்படி இறுக்கமாக அமைப்பது என்று அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏ ஒரு நீண்ட ஆவணத்தை வெளியிட்டிருந்தது. அந்த வேலையை அடுத்த பதிப்புக்குத் தொடர வேண்டி வந்தபோது, முகமையின் பொறியாளர்களும் ரெட் ஹாட் பொறியாளர்களும் அதைத் திறந்த திட்டமாக்கினார்கள். 2018-இல் திட்டத்தின் பெயர் ‘கம்ப்ளையன்ஸ் ஆஸ் கோட்’ என்று மாறியது. இன்று அது கிட்ஹப்பில் வளர்கிறது. ரெட் ஹாட், சூசே, ஆரக்கிள், கனோனிகல் என்று சந்தையில் ஒருவரோடொருவர் போட்டியிடும் நிறுவனங்களின் பொறியாளர்கள் இந்த ஒரே களஞ்சியத்தில் சேர்ந்து எழுதுகிறார்கள்.

இரண்டின் நோக்கமும் ஒன்றுதான். புதிதாக நிறுவிய ஒரு லினக்ஸ் சர்வரில் எந்தச் சேவை ஓடலாம், யார் நுழையலாம், எந்தக் கோப்பை யார் தொடலாம் என்று முடிவெடுக்க நிர்வாகிக்கு உதவுவது. வடிவம்தான் வேறு. டெபியன் கையேடு பத்திகளால் ஆனது; ஒரு மனிதர் உட்கார்ந்து படிப்பதற்கானது. ஸ்கேப் வழிகாட்டி விதிகளால் ஆனது. ‘ஓஎஸ்கேப்’ என்ற கருவி அதைப் படித்து, கணினியைச் சோதித்து, விரும்பினால் திருத்தியும் கொடுக்கும். பலர் கூடி ஒரு பாதுகாப்பு வழிகாட்டியை எழுதும்போது எந்த வடிவம் எதைக் காப்பாற்றுகிறது, எதைத் தொலைக்கிறது என்பதை இந்த இரண்டையும் அருகருகே வைத்தால் பார்க்க முடிகிறது.

ஒரே ஓர் அறிவுரையை எடுத்துக்கொள்வோம். லினக்ஸில் ‘டெம்ப்’ என்ற தற்காலிகக் கோப்பகத்தில் எல்லாப் பயனர்களும் எழுதலாம். ஊடுருவும் ஒருவர் தன் நிரலை முதலில் கொண்டுவந்து போடும் இடம் பெரும்பாலும் அதுதான். ஆகவே அந்தக் கோப்பகத்தைத் தனிப் பார்ட்டிஷனாக்கி, அங்கிருந்து எந்த நிரலும் இயங்கக் கூடாது என்று ‘நோஎக்ஸெக்’ தெரிவோடு ஏற்றுவது பழைய வழக்கம். இரண்டு வழிகாட்டிகளும் இதைச் சொல்கின்றன.

டெபியன் கையேடு இதைச் சொல்லும் விதம் ஓர் அனுபவசாலி பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கிறது. இப்படிச் செய், ஆனால் இது அரைகுறைத் திறமையுள்ள ஊடுருவலாளரைத்தான் தடுக்கும் என்று அது மறைக்காமல் சொல்கிறது. நிரல்களை நினைவகத்தில் ஏற்றும் லோடர் வழியாக இந்தத் தடையை எப்படிச் சுற்றிப் போகலாம் என்பதையே காட்டுகிறது. டெபியனில் சில பொதிகள் நிறுவப்படும் முன் ஓடும் ஸ்கிரிப்டுகள் இதே கோப்பகத்திலிருந்து இயங்குவதால் அவை தடுமாறும் என்று எச்சரித்து, அவற்றை வேறிடத்திலிருந்து இயங்கச் செய்யும் வழியையும் தருகிறது. இதைப் படித்து முடிப்பவருக்கு ஒரு தெரிவு மட்டும் கிடைப்பதில்லை. அந்தத் தெரிவின் பலம், பலவீனம், பக்கவிளைவு மூன்றும் கிடைக்கின்றன.

ஸ்கேப் வழிகாட்டியில் இதே அறிவுரை ஒரு சிறிய கோப்பகமாக இருக்கிறது. உள்ளே ஒரு யாமல் கோப்பு. அதில் விதியின் தலைப்பு, விளக்கம், காரணம், தீவிரம், அமெரிக்க என்ஐஎஸ்டி போன்ற அமைப்புகளின் தர எண்களோடு அதற்குள்ள தொடர்பு ஆகியவை வரிவரியாக உள்ளன. சோதிக்கும் நிரல் தனியாக எழுதப்படுவதுகூட இல்லை. ‘ஏற்றும் தெரிவு’ என்ற வார்ப்புரு ஏற்கெனவே இருக்கிறது. எந்தக் கோப்பகம், எந்தத் தெரிவு என்ற இரண்டு தகவலை மட்டும் கொடுத்தால் சோதனையும், பாஷ் ஸ்கிரிப்டாகவும் ஆன்சிபிள் பணியாகவும் திருத்தமும் தானே உருவாகிவிடும். டெம்ப் தனிப் பார்ட்டிஷனாக இல்லாத கணினிக்கு ‘பொருந்தாது’ என்ற முடிவு வரும். தனிப் பார்ட்டிஷன் வேண்டும் என்பது வேறொரு விதி. அறிவுரை இங்கே நேர்த்தியாகத் துண்டு துண்டாக வெட்டப்பட்டிருக்கிறது. காரணம் என்ற பகுதியும் இருக்கிறது, ஆனால் பெரும்பாலான விதிகளில் அது ஓரிரு வாக்கியம்தான். எல்லோரும் எழுதக்கூடிய இடத்தில் நிரல் இயங்குவது ஆபத்து என்பதைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். ஷெல் ஸ்கிரிப்டை ஷெல்லுக்கே உள்ளீடாகக் கொடுத்தால் இந்தத் தடை வேலை செய்யாது என்ற உண்மைக்கு அங்கே இடமில்லை. சோதனையில் பச்சை நிறம் வந்ததும் நிர்வாகி அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்.

இதை வைத்தே டெபியன் கையேடு மேலானது என்று சொல்லிவிட முடியாது. அது காட்டிய லோடர் சுற்றுவழி பிந்தைய கர்னல்களில் அடைபட்டுவிட்டது. கர்னல் மாறிய அன்று கையேட்டின் அந்தப் பத்தி தானாக மாறவில்லை. யாராவது கவனித்து, எழுதி அனுப்பி, ஆசிரியர் சேர்த்தால்தான் மாறும். பாதுகாப்பு நூலுக்கு வயதாவது மற்ற நூல்களுக்கு வயதாவதைப் போன்றதில்லை. பழைய வரலாற்று நூலைப் படித்தால் பெரிய கேடு வராது. பழைய பாதுகாப்பு நூலை நம்பி ஒரு சர்வரை இணையத்தில் விட்டால் கேடு வரும். டெபியன் கையேட்டில் லைலோ என்ற பழைய தொடக்கநிரலுக்குக் கடவுச்சொல் வைப்பது, ஃபிளாப்பியிலிருந்து கணினி தொடங்காமல் தடுப்பது போன்ற பகுதிகள் நீண்ட காலம் இருந்தன. எழுதியவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். கையேட்டின் முதல் அதிகாரத்திலேயே ‘இன்னும் எழுத வேண்டியவை’ என்று ஒரு பட்டியல் உண்டு. நூலுக்குள்ளும் பல இடங்களில் ‘இதைச் சரிசெய்யவும்’ என்ற குறிகள் திறந்தே கிடக்கின்றன. குறையை மறைக்காமல் வாசகர் முன் வைத்து, முடிந்தவர் வந்து நிரப்புங்கள் என்று அழைக்கும் அந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் அழைப்பு இருந்தாலும் ஆள் வர வேண்டுமே. ஒருவர் தோளில் பல ஆண்டுகள் நின்ற நூல் அது. அவருடைய மாலை நேரங்களின் வேகத்தில்தான் அது நகர முடிந்தது.

ஸ்கேப் வழிகாட்டிக்கு வயதாவது வேறு விதம். ஒவ்வொரு விதிக்கும் சோதனைக் காட்சிகள் எழுதலாம். ஒரு ஸ்கிரிப்ட் கணினியைச் சரியான நிலையில் வைக்கும், இன்னொன்று வேண்டுமென்றே தவறான நிலையில் வைக்கும். சோதனைத் தொகுதி ஒரு மெய்நிகர் கணினியில் இவற்றை ஓட்டி, விதி சரியானதைச் சரி என்றும் தவறானதைத் தவறு என்றும் சொல்கிறதா, திருத்தம் ஓடிய பிறகு தவறு சரியாகிறதா என்று பார்க்கும். இயங்குதளத்தின் புதிய பதிப்பில் ஒரு கோப்பின் இடம் மாறினால் விதி உடைகிறது. உடைந்தது உடனே தெரிகிறது. பத்தி உடைந்தால் சத்தம் வராது. பலர் கூடி எழுதும் பணிக்கு இயந்திர வடிவம் தந்த மிகப் பெரிய கொடை இதுதான் என்பேன். முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பும் மாற்றத்தை, அவர் யார் என்று பார்க்காமல், மாற்றம் சோதனையில் தேறுகிறதா என்று பார்த்து ஏற்க முடிகிறது.

அதற்கான விலையும் உண்டு. டெபியன் கையேட்டுக்கு உதவ நல்ல ஒரு பத்தி எழுதத் தெரிந்தால் போதும். ஓர் அலுவலகத்தில் அஞ்சல் சர்வர் நடத்தியவர், தான் கண்டதை எழுதி அனுப்பினால் அது நூலில் சேரும், மாற்றங்களின் வரலாற்றில் யாருடைய பங்கு எது என்பதும் பதிவாகும். ஸ்கேப் வழிகாட்டிக்கு உதவ விரும்புபவர் யாமல், ஜிஞ்சா வார்ப்புரு, ஓவல் எனப்படும் சோதனை மொழி, எல்லாவற்றையும் கட்டித் தரும் சிமேக் ஆகியவற்றோடு பழக வேண்டும். பாதுகாப்பு நன்றாகத் தெரிந்து இவை தெரியாதவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார். இன்று அங்கே தொடர்ந்து எழுதுபவர்களில் பெரும்பகுதி அதற்காகச் சம்பளம் வாங்கும் பொறியாளர்கள் என்பது தற்செயல் இல்லை.

கருத்து வேறுபாட்டை இரண்டும் தீர்க்கும் விதத்தைப் பார்க்கலாம். கடவுச்சொல்லை இத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமா என்பது பழைய சண்டை. அமெரிக்க ராணுவத் துறையின் ‘ஸ்டிக்’ தரம் 60 நாள் என்றது. பணப்பரிவர்த்தனை அட்டைகளுக்கான பிசிஐ தரம் 90 நாள் என்றது. என்ஐஎஸ்டி 2017-இல் வெளியிட்ட அடையாளச் சரிபார்ப்பு வழிகாட்டுதலோ, காரணமின்றிக் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லக் கூடாது என்றது. கட்டாயப்படுத்தினால் மக்கள் பழைய சொல்லின் கடைசி எண்ணை மட்டும் மாற்றுகிறார்கள் என்பது நிர்வாகிகள் எல்லோரும் கண்டது. ஸ்கேப் வழிகாட்டி இந்தச் சண்டையில் தலையிடுவதில்லை. அதிகபட்ச நாள் என்பதை ஒரு மாறியாக வைத்துவிட்டு, ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு சுயவிவரக் கோப்பில் அதற்குரிய எண்ணைக் கொடுத்துவிடுகிறது. விதி ஒன்று, எண்கள் பல, எல்லோருக்கும் திருப்தி. கூட்டுப்பணி முறியாமல் இருக்க இது புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பதை ஒப்புக்கொள்கிறேன். போட்டி நிறுவனங்கள் ஒரே கூரையின் கீழ் இருக்க இதுவும் உதவுகிறது. ஆனால் எந்த எண் நல்லது, ஏன் என்று கேட்கும் சிறு அலுவலகத்து நிர்வாகிக்கு அங்கே பதில் கிடைக்காது. ஒரு நூலாசிரியரால் அப்படி நழுவ முடியாது. பத்தி எழுதுபவர் ஒரு நிலை எடுத்தாக வேண்டும், அல்லது இரு நிலைகளையும் சொல்லி எது எங்கே பொருந்தும் என்று விளக்க வேண்டும். வாதம் எழுத்திலேயே நடந்து முடிகிறது. வாசகர் அதன் சாட்சியாகிறார்.

வரிசை என்ற விஷயத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இன்னும் கூர்மையானது. ரூட் பயனர் எஸ்எஸ்எச் வழியாக நேரடியாக நுழையக் கூடாது என்பது இரண்டு மரபும் ஏற்கும் நல்ல விதி. ஆனால் மேகக் கணினி ஒன்றில் ரூட் கணக்கு மட்டுமே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அந்த விதியின் திருத்தத்தை அப்படியே ஓட்டினால் நிர்வாகியே வெளியே நிற்பார். முதலில் இன்னொரு பயனரை உருவாக்கு, அவருக்கு சூடோ உரிமை கொடு, அவர் சாவி வேலை செய்கிறதா என்று இன்னொரு சாளரத்தில் நுழைந்து பார், அப்புறம் ரூட்டை மூடு. இது வரிசை. விதிகளின் தொகுப்பில் ஒவ்வொரு விதியும் தனியாக நின்று ஆம் இல்லை சொல்கிறது. எது முன், எது பின் என்ற அறிவு விதிகளுக்கு இடையில் விழுந்துவிடுகிறது. டெபியன் கையேட்டின் அமைப்பே வரிசைதான். நிறுவும் முன், நிறுவும்போது, நிறுவிய பின், ஊடுருவலுக்கு முன், ஊடுருவலுக்குப் பின் என்று ஒரு சர்வரின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்து அதிகாரங்கள் போகின்றன. எல்லாம் தயாராகும்வரை இணையத்தில் இணைக்காதே என்ற எளிய அறிவுரையை எந்தச் சோதனை நிரலாலும் சோதிக்க முடியாது. சோதிக்கும் வேளையில் அந்தக் கட்டம் தாண்டிப்போயிருக்கும்.

ஊடுருவலுக்குப் பின் என்ற அதிகாரத்தை நான் தனியாகச் சொல்ல வேண்டும். 2003 நவம்பரில் டெபியன் திட்டத்தின் சொந்த சர்வர்களே ஊடுருவப்பட்டன. ஒரு கடவுச்சொல் களவு போய், கர்னலில் இருந்த ஒரு பிழை வழியாக ஊடுருவியவர் ரூட் அதிகாரம் பெற்றார். திட்டம் அதை மறைக்காமல் உலகுக்கு அறிவித்து, கணினிகளைப் பிரித்து ஆராய்ந்து, மீண்டும் நிறுவியது. அப்படிப்பட்ட சமூகத்தின் கையேடு, தாக்குதல் நடக்கும்போது நீங்கள் அருகில் இருந்தால் முதலில் வலைக்கம்பியைப் பிடுங்குங்கள் என்று சொல்லும்போது அந்த வாக்கியத்துக்கு எடை கூடுகிறது. நிர்வாகி பதறும் நேரத்தில் அவருக்குத் தேவைப்படுவது அடுத்து என்ன செய்வது என்ற நிதானமான குரல். ஸ்கேப் வழிகாட்டியில் இதற்கு இணையான பகுதி இல்லை. அதன் வேலை எல்லை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

கையேட்டின் கேள்வி-பதில் பகுதியில் வரும் இன்னொன்றும் இன்றுவரை பயன்படுகிறது. டெபியன் பாதுகாப்புக் குழு ஒரு பிழையைத் திருத்தும்போது மென்பொருளின் புதிய பதிப்பைக் கொண்டுவருவதில்லை. திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் கொண்டுவருகிறது. அதனால் பதிப்பு எண் பழையதாகவே தெரியும். வெளியிலிருந்து பதிப்பு எண்ணை மட்டும் பார்க்கும் சோதனைக் கருவிகள் உன் சர்வரில் ஓட்டை இருக்கிறது என்று பொய்யாகக் கூவும். மேலதிகாரி அந்த அறிக்கையை நீட்டும்போது நிர்வாகி என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதைக் கையேடு சொல்லித்தருகிறது. இது கருவிகளின் முடிவை எப்படிப் படிப்பது என்ற அறிவு. கருவிகள் பெருகப் பெருக இதன் தேவையும் கூடுகிறது.

என்எஸ்ஏ கைபட்ட வழிகாட்டியை நம்பலாமா என்ற கேள்வியை ஒதுக்க முடியாது. அந்த முகமை உருவாக்கிய ‘டூயல் ஈசி’ என்ற சமவாய்ப்பு எண் முறையில் பின்கதவு இருக்கலாம் என்ற ஐயம் 2007-லேயே எழுந்தது. 2013-இல் எட்வர்ட் ஸ்னோடன் வழியாக முகமையின் ரகசிய ஆவணங்கள் வெளிவந்த பிறகு என்ஐஎஸ்டி அதைத் திரும்பப் பெற்றது. அங்கே சிக்கல் எங்கே இருந்தது? எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டன என்று யாருக்கும் விளக்கப்படாத சில எண்களில். ஸ்கேப் வழிகாட்டியின் விதிகள் வெளிப்படையாக உள்ளன. ஒவ்வொன்றையும் யாரும் படிக்கலாம், போட்டி நிறுவனங்களின் கண்களும் அவற்றின் மேல் இருக்கின்றன. ஆகவே விதிகளை நம்புவதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அந்த நிகழ்ச்சி ஒன்றைத் தெளிவாக்குகிறது: காரணம் எழுதப்படாத எண், அது எவ்வளவு திறந்த கோப்பில் இருந்தாலும், முழுக்கத் திறந்தது ஆகாது. விதிக்கோப்பின் ‘காரணம்’ பகுதி ஓரிரு வாக்கியத்தோடு நிற்பதை நான் குறையாகக் கருதுவது இதனால்தான்.

மதிப்பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓஎஸ்கேப் சோதனை முடிந்ததும் அழகான அறிக்கை தருகிறது. எத்தனை விதிகள் தேறின, மொத்தம் எத்தனை சதவீதம். தணிக்கைக்கு வருபவருக்கு இது வசதி, நூறு சர்வர்களைக் கவனிப்பவருக்கு இது இல்லாமல் முடியாது. ஆனால் 2008 மே மாதம் வெளிவந்த டெபியன் ஓபன்எஸ்எஸ்எல் பிழையை நினைவுகூர வேண்டும். 2006-இல் செய்த ஒரு சிறு மாற்றத்தால், டெபியனில் உருவான சாவிகள் ஊகிக்கக்கூடிய அளவு குறுகிய வட்டத்துக்குள் சுருங்கிவிட்டன. லூசியானோ பெல்லோ என்பவர் அதைக் கண்டுபிடிக்கும்வரை, எல்லா அமைப்புகளும் சரியாக இருந்த சர்வர்களும் திறந்த வீடாகவே இருந்தன. எந்த அமைப்பு வழிகாட்டியும் அதைப் பிடித்திருக்காது. நூலும் பிடித்திருக்காது, விதியும் பிடித்திருக்காது. நூல் குறைந்தபட்சம் சதவீதம் தருவதில்லை. நூறு சதவீதம் என்ற சொல் நிர்வாகியின் விழிப்பை மங்கச் செய்கிறது. அதை நான் இந்த வடிவத்தின் மிகப் பெரிய ஆபத்தாக நினைக்கிறேன்.

இரண்டு மரபும் இப்போது டெபியனிலேயே சந்திக்கின்றன. ஸ்கேப் வழிகாட்டியின் டெபியன் பகுதி டெபியன் பொதியாகக் கிடைக்கிறது. அதில் பிரெஞ்சு அரசின் இணையப் பாதுகாப்பு முகமையான ஆன்சியின் பரிந்துரைகள் குறைந்தபட்சத்திலிருந்து உயர்நிலைவரை படிப்படியான சுயவிவரங்களாக உள்ளன. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னையில் சி-டாக் என்ற அரசு ஆய்வு மையம் உருவாக்கும் பாஸ் லினக்ஸ் போன்றவற்றைப் பயன்படுத்துபவர்களுக்கும் டெபியனுக்கான அறிவுரையில் பெரும்பகுதி பொருந்தும்.

என் தீர்ப்பு இது. சோதிக்கும் வேலைக்கு இயந்திர வடிவம் தெளிவாக மேலானது. அதை விட்டு இனி யாரும் பத்திகளுக்குத் திரும்பப் போவதில்லை, திரும்பவும் கூடாது. கற்றுத்தரும் வேலைக்கு டெபியன் கையேட்டின் வடிவத்துக்கு இன்னும் மாற்று வரவில்லை. அதன் பழைய பகுதிகளைத் தாண்டி, ‘ஊடுருவலுக்குப் பின்’ அதிகாரத்தையும் கேள்வி-பதிலையும் இன்றும் படிக்கலாம். லினக்ஸ் சர்வர் நடத்தி அனுபவப்பட்ட தமிழ் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் கணினியில் ஸ்கேப் சோதனையை ஓட்டுங்கள், தவறிய விதிகளில் ஒன்றை எடுத்து அதன் காரணப் பகுதியைப் படியுங்கள். அது எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்காது, எதற்கு முன் செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்து அங்கே எழுதப்படாமல் இருந்தால், அந்த மூன்று வாக்கியங்களை எழுதி ஒரு மாற்றமாக அனுப்புங்கள். அதற்கு ஓவல் மொழி தெரிய வேண்டியதில்லை.